பகற்காக்கையும் இராக்கூகையும்: காண்போன் அறம்

முன்னுரை

காக்கைக்கும் கூகைக்கும் இடையிலான பகை இந்திய இலக்கிய மரபில் நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டுவரும் உவமைகளுள் ஒன்றாகும். திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் இவ்வுவமையுடனேயே தொடங்குகிறது. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் இப்பகையின் மீது கட்டப்பட்டுள்ளது. பாரதத்தின் சௌப்திக பருவத்தில் ஒரு பேரழிவுக்கு இப்பகையே தூண்டுகோலாகிறது. புத்த சாதகக் கதைகளுள் உலூக சாதகம் இப்பகையின் தோற்றத்தைக் கூறுகிறது. இந்நான்கும் ஒரே காட்சியைக் கண்டவை. ஆயினும் அவை கண்டடைந்த நெறிகள் வேறுவேறு.

இன்று அதே காட்சியை ஒளிப்படக் கருவி காண்கிறது. பகலில் வெளிப்பட்ட ஓர் ஆந்தையைக் காகங்கள் சூழ்ந்து கரைவதும், அதனைப் பலர் நின்று படமெடுப்பதும் நகரங்களில் வழக்கமாகிவிட்டன. தான் விளைவிக்காத ஒரு பகையைக் காண்பவனுக்கு அறப்பொறுப்பு உண்டா? உண்டெனில் அது எவ்விடத்தில் தொடங்குகிறது? இவ்வினாக்களைப் புனே நகரின் கேம்ப் பகுதியைக் களமாகக் கொண்டு இலக்கியச் சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கேம்ப் எனும் பாசறை

1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அதன்பின் பழைய புனே நகரின் கிழக்கே ஆங்கிலேயப் படை நிலைகொண்ட இடமே கேம்ப் என வழங்கலாயிற்று. இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் பாசறை. படையோடும் படைசார்ந்த பணிகளோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இப்பகுதி வாழிடமாயிற்று. மகாத்மா காந்தி சாலை, கிழக்குத் தெரு ஆகியவற்றின் கடைவீதிகளுக்கு அப்பால் ஓட்டுக்கூரை வேய்ந்த பழைய பங்களாக்களும், தேவாலயங்களும், நிழல் பரப்பும் முதுமரங்களும் இங்கு இன்றும் காணப்படுகின்றன. பந்தயத் திடலை அடுத்து எம்பிரஸ் தோட்டம் அமைந்துள்ளது. சிவாஜி மார்க்கெட்டில் மீனும் இறைச்சியும் விற்கப்படுகின்றன.

இச்சூழல் இருவகைப் பறவைகளுக்கும் ஏற்றது. இறைச்சிக் கழிவும் எச்சில் உணவும் கிடைக்கும் இடத்தில் வீட்டுக்காகம் பெருகும். எலி பெருகிய இடத்தில், பழங்கட்டடத்தின் பரணையும் கூரையிடுக்கையும் உறைவிடமாகக் கொண்டு வெண்கூகை வாழும். மரப்பொந்துகளில் புள்ளி ஆந்தை வாழும். காகம் உண்பது மனிதன் எறிந்தது. கூகை உண்பது மனிதன் எறிந்ததைத் தின்று வளர்ந்த எலி. இரண்டையும் அருகருகே குடியமர்த்தியவன் மனிதனே. ஆகவே நகரத்தில் நிகழும் இப்பகையை, மனிதனுக்குத் தொடர்பற்ற கானகக் காட்சி எனக் கருதுதல் பொருந்தாது. காண்போனின் பொறுப்பைப் பற்றிய ஆராய்ச்சி இப்புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

பகையின் இயல்பு

கூகைக்குப் பகலில் கண் தெரியாது. அதனாலேயே காக்கையிடம் தோற்கிறது என்பது பரவலான நம்பிக்கை. காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளுக்கு எழுந்த உரைகளிலும் இக்கருத்து இடம்பெறுகிறது. பறவையியல் இதனை ஏற்பதில்லை. ஆந்தையினங்கள் பகலிலும் காணவல்லவை. புள்ளி ஆந்தை பகற்பொழுதிலும் வெளியில் அமர்ந்திருப்பதைக் காணலாம். வெண்கூகை இருளில் ஒலியைக் கொண்டே இரையின் இருப்பிடத்தை அறிவது. அதன் இரு செவிகளும் சமமற்ற உயரத்தில் அமைந்திருப்பது அதற்குத் துணைபுரிகிறது. அவ்வாறாயின் பகலில் அது ஏன் தோற்கிறது? அது தனித்தது, காகங்கள் பல. அது மறைந்திருந்து பிழைப்பது. பகல் அதன் மறைவைப் பறிக்கிறது. ஓசையற்ற பறத்தலும் எதிர்பாராத் தாக்குதலும் அதன் வலிமைகள். எல்லார் கண்களும் தன்மேல் இருக்கையில் அவ்வலிமைகளுக்குப் பயனில்லை. குருடாயிருத்தலால் அன்று, காணப்படுதலாலேயே கூகை தோற்கிறது. இவ்விளக்கத்தால் குறளின் கருத்துக்கு எவ்விழுக்கும் இல்லை. மாறாக, காலம் என்பது வெறும் பொழுதன்று, ஒருவரது ஆற்றல் செல்லுபடியாகும் சூழல் என்னும் பொருள் மேலும் தெளிவுறுகிறது.

காகம் கூகையைச் சூழ்வதற்கும் காரணம் உண்டு. கொம்பன் ஆந்தை முதலிய பெரிய ஆந்தைகள் இரவில் அடைந்திருக்கும் காகங்களைக் கொன்று தின்னும். பகலில் அவற்றைக் கண்டவுடன் கூட்டமாகச் சூழ்ந்து கரைந்து அகற்றிவிடுவது காகங்களுக்குத் தற்காப்பாகும். ஆனால் எலியுண்ணும் வெண்கூகையும், பெரும்பாலும் பூச்சியுண்ணும் சிறிய புள்ளி ஆந்தையும் அதே தாக்குதலுக்கு உள்ளாகின்றன. கொன்றது ஓரினம், தண்டனை பெறுவது முகம் ஒத்த பிறிதோரினம்.

இப்பகை எவ்வாறு பரவுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தில் எபர்ஹார்ட் கூரியோவும் அவர்தம் குழுவினரும் கரும்பறவைகளைக் கொண்டு செய்த ஆய்வு 1978இல் வெளியானது. ஒரு பறவை ஆந்தையைக் கண்டு கூச்சலிடும்போது, அதனைக் கேட்கும் மற்றொரு பறவையின் கண்முன் தீங்கற்ற வேறொரு பறவையை வைத்தனர். கேட்ட பறவை அத்தீங்கற்ற பறவையையே பகையெனக் கற்றது. கற்றதைப் பிற பறவைகளுக்கும் கற்பித்தது. வெறும் நெகிழிப் புட்டியையும் இவ்வாறு பகையாக்க முடிந்தது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் தொடங்கிய ஆய்வில், ஒரு முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து விடுவித்தனர். பின்னர் அம்முகமூடியை யார் அணிந்து சென்றாலும் காகங்கள் சூழ்ந்து கரைந்தன. பிடிபடாத காகங்களும் அவற்றிடமிருந்து கற்றுக்கொண்டன. ஆண்டுகள் கடந்தும் அது மறையவில்லை. பகை பிறவிக்குணம் மட்டுமன்று, கற்பிக்கப்படுவதும் ஆகும் என்பது இவற்றால் புலனாகின்றது.

ஈண்டு ஒரு குறட்செய்தி கருதத்தக்கது. சுற்றந்தழால் அதிகாரத்தில் வள்ளுவர், கிடைத்த உணவை மறைக்காது இனத்தைக் கூவியழைத்து உண்ணும் காக்கையைப் போற்றுகிறார். காலமறிதலில் கூகையை வெல்வதும் அதே காக்கைதான். உணவைக் கண்டால் இனத்தை அழைக்கிறது. பகையைக் கண்டாலும் இனத்தை அழைக்கிறது. சுற்றந்தழுவும் பண்பும் கூடித் தாக்கும் செயலும் காக்கையிடம் ஒரே வேரிலிருந்து எழுகின்றன. மனித சமுதாயத்திலும் ஒற்றுமை என்னும் நற்பண்பு எக்கணத்தில் கும்பல் வன்முறையாக மாறுகிறது என்று வரையறுப்பது எளிதன்று. இதனை எண்ணிப் பார்ப்பவன் காகத்தைக் கொடியதென்று விரைந்து கூறமாட்டான்.

கண்டவர் கொண்ட பாடங்கள்

வள்ளுவர் கண்டது பகற்காட்சி. அதிலிருந்து அவர் பகையை வெல்ல விரும்பும் வேந்தனுக்கு ஏற்ற காலம் வேண்டும் என்னும் பாடத்தை எடுத்தார். கூகையைக் கொல்க என்றோ காக்கையைப் போல் சூழ்க என்றோ அவர் கூறவில்லை. உவமை உவமையாகவே நின்றது.

அசுவத்தாமன் கண்டது இரவுக்காட்சி. போர் முடிந்த இரவில் கிருபனும் கிருதவர்மனும் உடனிருக்க, அவன் ஓர் ஆலமரத்தடியில் உறக்கமின்றிக் கிடந்தான். மரத்தில் உறங்கிய காகங்களை ஒரு கூகை ஓசையின்றி வந்து கொன்று குவித்தது. அதனைக் கண்ட அசுவத்தாமன், அக்கூகை தனக்கு உபதேசம் செய்துவிட்டதாகக் கொண்டான். உறங்குவோரைக் கொல்லுதல் அறமன்று என்று கிருபன் எடுத்துரைத்தும் பயனில்லை. அன்றிரவே பாண்டவரின் பாசறை அழிந்தது. திட்டத்துய்மனும் திரௌபதியின் மைந்தர் ஐவரும் மாண்டனர். பத்துப் பருவங்கள் கொண்ட வில்லிபாரதம் இப்பருவத்துடன் நிறைவுறுகிறது. இப்பேரிலக்கியத்தின் செம்பதிப்புப் பணி புனேயிலேயே, பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவெய்தியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கூகை அசுவத்தாமனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. அது பசித்தது, கொன்றது. அதனை உபதேசமாக்கியது அவன் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த வஞ்சினம். இயற்கையில் ஒன்று நிகழ்கிறது என்பதனால் மனிதன் அதனைச் செய்யலாம் என்பது பெறப்படாது. நிகழ்வதற்கும் நிகழத்தக்கதற்கும் உள்ள இடைவெளியைத் தாண்டுபவன் காண்போனே. தாண்டியதன் பொறுப்பும் அவனுடையதே. கிருபனின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தவறு என்று அறிந்து கூறிய அவனே, பின்னர் கிருதவர்மனுடன் பாசறை வாயிலில் நின்று தப்பியோடியோரைக் கொன்றான். அறிந்திருத்தல் அவனைக் காக்கவில்லை. கண்டித்துவிட்டு உடன்நிற்பவன் வெறும் சாட்சியாகான் என்பதற்குக் கிருபன் சான்றாகிறான்.

பாசறையின் இரவைத் தமிழ் மரபு வேறுவிதமாகவும் கண்டுள்ளது. நெடுநல்வாடையின் வேந்தன் வாடைக் காற்றில் நள்ளிரவிலும் உறங்காது, புண்பட்ட வீரரைக் கண்டு ஆற்றுவிக்கிறான். அவனும் அசுவத்தாமனைப் போலப் பாசறையில் விழித்திருந்தவன்தான். ஒருவன் விழிப்பு பரிவாயிற்று. மற்றவன் விழிப்பு படுகொலையாயிற்று.

பஞ்சதந்திரம் இப்பகையிலிருந்து சூழ்ச்சியைக் கற்றது. காகத்தின் முதிய அமைச்சன் அடைக்கலம் புகுந்தவனாக நடித்து, பகலில் கூகைகளின் குகைக்குத் தீ மூட்டச் செய்கிறான். உலூக சாதகமோ வெற்றியைக் குறித்துப் பேசவில்லை. பகை எங்கே பிறந்தது என்று கேட்கிறது. பறவைகள் கூகையை அரசனாக்க முற்பட்டபோது ஒரு காகம் மறுத்தது. சினமற்ற வேளையிலேயே இம்முகம் இவ்வாறிருப்பின் சினந்தால் எவ்வாறிருக்கும் என்று கேட்டுவிட்டுப் பறந்தது. கூகை அதனைத் துரத்தியது, பகை நிலைத்தது. முகத்தோற்றத்தைக் கண்டு வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பே தலைமுறைப் பகைக்கு வித்து என்பது அக்கதையின் நுட்பம்.

படம் காட்டும் பாதி

இப்பகை இருபாதிகளைக் கொண்டது. பகலில் காகம் தாக்கும். இரவில் பெரிய ஆந்தை கொல்லும். உலூக சாதகத்தின் முன்னுரைப் பகுதி இருபாதிகளையும் சேர்த்தே கூறுகிறது. ஆனால் ஒளிப்படம் ஒளியினால் ஆவது. பெரும்பாலும் அது பகற்பாதியையே காட்டும். சிறகு மடக்கி, கண் இடுக்கிக் கிளையோடு ஒட்டி அமர்ந்த தனிக் கூகை. சுற்றிலும் வாய் பிளந்த காகங்கள். படத்தைக் காண்போர் காகத்தைக் கொடுமைக்காரனாகவும் கூகையை ஏதிலியாகவும் கொள்வர். படம் பொய்யன்று, பாதி. பாதியைக் கண்டு முழுமைக்குத் தீர்ப்பளித்தல் சாதகக் காகம் செய்த அதே பிழையாகும்.

சட்டமும் இப்பிழைக்கு விலக்கன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காகத்தைத் தீங்குயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கியது. ஐம்பது ஆண்டுகளில் தீர்ப்பு மாறியது; காகம் மாறவில்லை.

இதனால் படமெடுத்தலே தகாது என முடிவு செய்தல் தவறாகும். காணப்படாமையும் கூகைக்குத் தீங்கே இழைத்துள்ளது. அதன் குரலை அழிவின் அறிகுறியாகக் கருதும் நம்பிக்கையும், தீபாவளியை ஒட்டிய மாந்திரிகச் சடங்குகளுக்காக அதனைப் பிடித்து விற்கும் வழக்கமும் அதனை அறியாமையால் விளைந்தவை. ஆந்தை வணிகம் குறித்து டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கை இக்கொடுமையை விரிவாகப் பதிவு செய்தது. புனே மாவட்டத்தின் பிங்கோரி சிற்றூரில் இலா அறக்கட்டளை 2018இல் நடத்திய இந்திய ஆந்தைத் திருவிழா, அச்சத்தைப் போக்கி ஆந்தையை மக்களுக்கு அறிமுகம் செய்யும் நோக்குடையது. நன்கு கண்டு நன்கு காட்டுதல் ஓர் அறச்செயலாகவும் அமையக்கூடும்.

காண்போன் பொறுப்பின் எல்லை

அவ்வாறாயின் கூகை சூழப்படும்போது காண்போன் என் செய்தல் வேண்டும்? காகங்களை விரட்ட வேண்டும் என்பது இரக்கத்தின் முதல் விடை. ஆனால் அவ்விரக்கம் பாதிக்காட்சியிலிருந்து பிறந்தது. தன் இனத்தைக் காக்கும் காகத்தின் செயலில் குற்றம் காண இயலாது. பெரும்பாலும் கூகை சற்றுத் தொலைவிலுள்ள அடர்ந்த மரத்தை அடைந்ததும் ஆரவாரம் தணிந்துவிடும். அங்கு மனிதன் நடுவனாக வேண்டிய தேவையில்லை.

எனினும் இவ்விடை எல்லா நிலைக்கும் பொருந்தாது. கேட்கப்பட வேண்டிய முதல் வினா, கூகை பகலில் ஏன் வெளிப்பட்டது என்பதாகும். மரத்தை வெட்டியதாலோ, பழங்கட்டடத்தை இடித்ததாலோ அது வெளிப்பட்டிருக்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை செய்த நைலான் மாஞ்சா நூல் அதன் சிறகை அறுத்திருக்கலாம். நல்ல படம் கிடைக்கும் என்று எவரேனும் பொந்தைத் தட்டியோ, பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்தோ அதனை வெளிவரச் செய்திருக்கலாம். இந்நிலைகளில் நிகழ்வது காக்கை கூகைப் பகை மட்டுமன்று. மனிதன் தொடங்கிவைத்ததைக் காகங்கள் தொடர்கின்றன. அங்கே ஒதுங்கி நிற்றல் நடுநிலைமை ஆகாது. அடிபட்ட பறவையை நிழலான இடத்தில் காத்து வனத்துறைக்குத் தெரிவித்தல் கடமையாகிறது. காட்சியின் காரணம் மனிதனாயின் காண்போனும் அதில் பங்குடையவன் என்பது இங்குப் பெறப்படும் வரையறை.

காண்டல் எப்போதும் தீங்கற்றது என்னும் எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. கேம்ப் படைப்பகுதியாதலால் அங்குள்ள படைத்துறை வளாகங்களைப் படமெடுக்கத் தடை உண்டு. சில வேளைகளில் காண்பதும் பதிவதும் ஒரு செயலே, அதனால் ஊறு விளையும் என்பதை அரசு தன்பொருட்டு அறிந்திருக்கிறது. மறைவையே அரணாகக் கொண்ட கூகைக்கு அத்தகைய அறிவிப்புப் பலகை இல்லை. அதன் கூடு இருக்குமிடத்தைப் படத்துடன் ஊரறியச் செய்தல் அதன் அரணை உடைத்தலாகும். பலகை இல்லாத இடத்தில் காண்போனின் மனச்சான்றே பலகையாக வேண்டும்.

சோறிட்ட தோழி

சங்க இலக்கியத்தில் இரு பறவைகளுக்கும் இடமுண்டு. காக்கையைப் பாடியதால் பெயர்பெற்றவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். கூகைக் கோழியார் என்னும் பெயருடைய புலவரின் பாடல் புறநானூற்றில் 364ஆம் பாடலாக உள்ளது. இவ்விலக்கியத்தின் இரு பாடல்களை இணைத்து நோக்குதல் இவ்வாராய்ச்சிக்குப் பயன்தரும். குறுந்தொகை 210இல் தோழி, விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய்யோடு கூடிய சோற்றை ஏழு கலத்தில் ஏந்தினாலும் அது சிறிதே என்கிறாள். நற்றிணை 83இல் தோழி, ஊர்வாயிலின் முதுமரத்தில் வாழும் கூகையிடம், ஊரார் விழிக்கும்படி குழறாதே, இறைச்சியும் நெய்ச்சோறும் எலிச்சூடும் தருகிறோம் என்கிறாள். ஒன்று கரைந்ததற்கு நன்றி. மற்றொன்று குழறாதிருக்க வேண்டுகோள். இருபாடல்களிலும் பேசுபவள் தோழி. இருபறவைக்கும் உரியது நெய்ச்சோறு.

தோழி தனக்காகக் காண்பவள் அல்லள். தலைவியின் துயரைக் கண்டு அதன்பொருட்டுப் பறவையை நோக்குபவள். அவளுக்கும் பறவையிடம் ஒரு தேவை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெறுவதற்கு ஈடாகத் தர வேண்டும் என்பதை அவள் உணர்ந்திருக்கிறாள். பறவை அவளுக்குக் காட்சிப் பொருளன்று, கடன்பட்ட உறவு. படம் எடுத்தல் என்று தமிழ் கூறுகிறது. எடுப்பவன் எதைக் கொடுக்கிறான் என்னும் வினா அச்சொல்லிலேயே தொக்கி நிற்கிறது. தொலைவு காத்தல், ஒளிபாய்ச்சிக் கண் கூசச் செய்யாமை, கூட்டின் இடத்தை வெளியிடாமை, படத்துடன் அதன் மறுபாதியையும் எடுத்துரைத்தல் ஆகியவை இக்காலத்துக் காண்போன் கொடுக்கத்தக்க நெய்ச்சோறு எனலாம்.

முடிவுரை

காக்கை கூகைப் பகை தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. அதிலிருந்து வள்ளுவர் காலத்தையும், பஞ்சதந்திரம் சூழ்ச்சியையும், சாதகம் பகையின் தோற்றத்தையும், அசுவத்தாமன் படுகொலையையும் பெற்றனர். காட்சி ஒன்றாயிருக்கப் பாடங்கள் வேறாயினமையால், பாடத்துக்குப் பொறுப்பு காட்சியன்று, காண்போனே என்பது தெளிவாகிறது. காண்போன் பொறுப்பு மூன்று நிலைகளில் அமைகிறது: தான் கண்டது பாதி என உணர்தல், காட்சியின் காரணத்தில் தன் பங்கு உண்டா என வினவுதல், காண்பதால் பெற்றதற்கு ஈடு செய்தல்.

பாண்டவரின் பாசறை அழிந்த இரவில் ஆலமரத்தடியில் இருந்தவர் மூவர். அம்மூவருள் ஒருவனேனும் கண்ட காட்சியைக் காட்சியாகவே விட்டிருந்தால், அல்லது தவறென்று அறிந்தவன் வாயிலில் நில்லாது விலகியிருந்தால், அவ்விரவின் வரலாறு வேறாயிருக்கலாம். கேம்ப்பின் மரத்தடிகளில் இன்று கருவியுடன் நிற்போரும் அவ்விடத்திலேயே நிற்கின்றனர்.